படியும் படிப்பும்

படி என்னும் சொல் தமிழிலே இரண்டு தொழில்களைத் தாங்கி நிற்கின்றது. நூலை ஓதுதலைப் படித்தல் என்கின்றோம். ஒரு நூலைப் பார்த்து எழுதிய மற்றொன்றையும் படி என்கின்றோம். ஏட்டுச் சுவடிக் காலத்தில் இவ்விரண்டும் பிரியாதிருந்தன. ஒரு நூலைப் பாடங்கேட்க விரும்பிய மாணாக்கன் முதலில் அதனைத் தன் கையால் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். சுவடி வைத்திருந்தவர் இசைந்து கொடுத்தால் எழுதுவான். இசையாவிடில் வெறுங்கையோடு திரும்புவான். அக்காலத்துப் பதிப்புரிமைச் சட்டம் முழுவதும் சுவடிக்குரியவரின் முகக்குறிப்பிலே அடங்கியிருந்தது எனலாம்.

அச்சு வந்தது, பின்னர் நிழற்பிரதிப் பொறி வந்தது, இப்பொழுது கைத்தொலைபேசியே பொறியாகிவிட்டது. ஓர் ஏட்டைப் படியெடுக்கத் திங்கள்கள் சென்ற காலம் போய், ஓர் இயலைப் படியெடுக்க ஒரு நாழிகையும் வேண்டாத காலம் வந்துவிட்டது. படியெடுத்தல் எளிதானமையாலேயே நூலாசிரியரும் பதிப்பாளரும் அஞ்சத் தொடங்கினர். அச்சத்திலிருந்து சட்டம் பிறந்தது. சட்டத்திலிருந்து வழக்குப் பிறந்தது. படிப்பதற்காகப் படியெடுக்கும் மாணாக்கன் குற்றவாளியா? அவனுக்காக நூலின் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் பல்கலைக்கழக நூல்நிலையம் யாரிடம் இசைவு பெறுதல் வேண்டும்? இவ்வினாக்களைப் பெரிய நகரங்களுக்கே உரியனவென்று எண்ணிவிடுதல் கூடாது. மாம்புரி வரையும் இவை வந்துவிட்டன.

மேசைக்குப் பின்னிருக்கும் நூல்

கற்பிட்டிக் குடாநாட்டிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் மணற்பரப்பில் உள்ளது மாம்புரி. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் எம்மவர் தொழில். வெங்காயமும் மிளகாயும் விலை இறங்கிய ஆண்டில் வீட்டிற்குப் புத்தகம் வருவதில்லை. இவ்விடத்துப் பிள்ளைகள் உயர்தரத்தில் தேறி யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்கும் ஒலுவிலுக்கும் மட்டக்களப்புக்கும் பல்கலைக்கழகம் செல்கின்றனர். அவர்களுக்கு நூல் என்பது பெரும்பாலும் நூல்நிலைய நூலே.

பல்கலைக்கழக நூல்நிலையங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாடத்துக்கு இன்றியமையாத நூல்களை விரிவுரையாளர் குறித்துக் கொடுப்பார். நூலகர் அவற்றைப் பொது அடுக்குகளிலிருந்து எடுத்து, இரவல் மேசைக்குப் பின்னே தனியே ஒதுக்கி வைப்பார். இரண்டு மணி நேரத்துக்கோ ஓர் இரவுக்கோ மட்டுமே அவை வெளியே செல்லும். நூல் ஒன்று, படிப்போர் பலர் என்ற நிலையில் இது நல்லதோர் ஏற்பாடு. நூல் கிடைப்பதற்கு அரிதாயின், வேண்டிய இயலை மாத்திரம் படியெடுத்துக் கோப்பிலிட்டு அம்மேசையில் வைப்பதும் உண்டு. இக்காலத்தில் அதனையே மின்படியாக்கிக் கணினி வழியாகவும் கொடுக்கின்றனர். படியெடுத்து வைக்குமிடத்தில்தான் பதிப்புரிமைச் சிக்கல் பிறக்கின்றது.

என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட ஒரு பெண் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் பயில்கின்றாள். தந்தை தோட்டக்காரர். சென்ற ஆண்டு அவள் தொலைபேசியில் என்னை அழைத்தாள். “ஐயா, இவ்வளவு நாளும் மேசையிலே ஒரு கோப்பு இருந்தது. இப்ப அதை எடுத்துப்போட்டினம். பதிப்புரிமை எண்டு சொல்லுகினம். ஒரு புத்தகத்துக்கு எண்பது பேர் நிக்கிறம். ஆரிட்டை ஐயா அனுமதி கேக்கிறது?” என்றாள். அந்நூலை எழுதியவர் காலமாகிப் பல்லாண்டு சென்றுவிட்டது. அச்சிட்ட அச்சகமும் இன்றில்லை. அஞ்சிய நூலகரை நான் குறைகூறேன். வழக்கு என்ற சொல் எவரையும் அஞ்சுவிக்கும். ஆயினும் அவ்வச்சத்துக்கு எவ்வளவு நியாயம் உண்டு என்பதைப் பார்த்தல் வேண்டும்.

தில்லியில் நடந்த வழக்கு

இவ்வகையில் நம் அயல்நாட்டில் நடந்த பெருவழக்கு ஒன்று உண்டு. தில்லிப் பொருளியற் கல்லூரி வளாகத்திலே, பல்கலைக்கழகத்தின் உரிமத்தோடு இராமேசுவரி என்னும் பெயருடைய சிறியதொரு நிழற்பிரதிக் கடை இருந்தது. விரிவுரையாளர் குறித்த பகுதிகளை நூல்நிலைய நூல்களிலிருந்து படியெடுத்து, பாடத் தொகுதியாகக் கட்டி மாணாக்கருக்கு அது கொடுத்துவந்தது. பக்கம் ஒன்றுக்கு 40 சதமளவான காசு. அதாவது அரை இந்திய ரூபாவுக்கும் குறைவு. 2012-ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அன் பிரான்சிஸ் நிறுவனமும் அக்கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டன.

மாணாக்கரும் ஆசிரியரும் தனித்தனிச் சங்கமாக வழக்கில் நுழைந்தனர். இதனினும் வியப்பு, எவர்தம் நூல்களைக் காப்பதாகப் பதிப்பாளர் கூறினரோ அவ்வாசிரியர்களிற் பலரே வழக்கை விரும்பவில்லை. அமார்த்தியா சென் வழக்கை மேற்கொள்ள வேண்டாமென்று பதிப்பாளருக்கு எழுதினார். முந்நூறுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கூட்டாக ஒரு மடலில் கையொப்பமிட்டனர். தம் நூல் படிக்கப்படுவதே தமக்கு ஆக்கம் என்பது அவர்கள் கருத்து.

2016-ஆம் ஆண்டு செப்டெம்பர் 16-ஆம் நாள் நீதியரசர் ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளினார். அவர் கூறிய நியாயம் தமிழாசிரியராகிய எமக்கு இனிக்கும். தாம் சட்டம் பயின்ற காலத்தில் மாணாக்கர் முறைவைத்து நூல்நிலையத்தில் அமர்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதை அவர் நினைவுகூர்ந்தார். கையால் எழுதியது குற்றமன்றாயின், அதே பக்கத்தைப் பொறியால் எடுப்பது மாத்திரம் எவ்வாறு குற்றமாகும் என்பது அவர் வினாவின் சாரம். அதே ஆண்டு டிசெம்பர் 9-ஆம் நாள் இருவர் கொண்ட ஆயம் மேன்முறையீட்டை ஆராய்ந்தது. கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரும் மாணாக்கரும் படியெடுப்பதற்கு இந்தியச் சட்டம் இடந்தருகின்றது. எத்தனை பக்கம் என்பதன்று, கற்பித்தலுக்கு வேண்டியதா என்பதே அளவுகோல் என்று அது கூறியது. எனினும், எடுத்த பகுதிகள் யாவும் பாடத்துக்கு வேண்டியனவா, முழுநூல்களும் படியெடுக்கப்பட்டனவா என்பவற்றைச் சான்றுகொண்டு ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பிற்று. பதிப்பாளர் 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வழக்கைக் கைவிட்டனர்.

நூறில் பத்து என்னும் கணக்கு

தில்லி வழக்கு நிழற்பிரதிக் கடையைப் பற்றியது. நூல்நிலையத்தின் ஒதுக்கீட்டு மேசையையே நேராகத் தொட்ட வழக்கு அமெரிக்காவில் எழுந்தது. அற்லாண்டா நகரில் உள்ள ஜோர்ஜியா அரசுப் பல்கலைக்கழகம் நூற்பகுதிகளை மின்படியாக்கி நூல்நிலைய வாயிலாக மாணாக்கருக்கு வழங்கியது. கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் அச்சகங்களும் சேஜ் நிறுவனமும் 2008-இல் வழக்கிட்டன. 2012-இல் கீழ்நீதிமன்றம் எழுபதுக்கு மேற்பட்ட முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஐந்தில் மட்டுமே உரிமை மீறப்பட்டதென்று கண்டது. நூலில் நூறில் பத்துப் பங்கு, அல்லது பத்தும் அதற்கு மேற்பட்டும் இயல்களுள்ள நூலாயின் ஓர் இயல் என்று ஒரு கணக்கையும் அது வகுத்தது.

நூலகர் பலர் இக்கணக்கைக் கண்டு மகிழ்ந்திருப்பர். அளவு தெரிந்துவிட்டால் அச்சம் நீங்கும் அல்லவா? ஆனால், 2014-இல் மேல்நீதிமன்றம் இத்தகைய வாய்பாட்டை ஏற்கவில்லை. நோக்கம் யாது, நூல் எத்தன்மையது, எடுத்தது எவ்வளவு, எடுத்ததனால் நூலின் விற்பனைக்கு நேரும் கேடு யாது என்னும் நான்கையும் ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே சீர்தூக்குதல் வேண்டும் என்றது. வழக்கு மேலும் கீழுமாகச் சென்று 2020-இலேயே முடிவுற்றது. பன்னிரண்டு ஆண்டு வழக்காடி உலகம் கற்ற பாடம் ஒன்று: வாய்பாடு இல்லை, நியாயமே உண்டு.

எமது சட்டம் சொல்வது

இவை பிறநாட்டுத் தீர்ப்புகள், எம்மைக் கட்டுப்படுத்தா. ஆயினும் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பார்ப்பவர், மேற்கூறிய நான்கு அளவுகோல்களும் அங்கே இருத்தலைக் காண்பர். திறனாய்வு, ஆராய்ச்சி முதலியவற்றோடு கற்பித்தலையும் அது நியாயமான பயன்பாடாகக் கொள்கின்றது. வகுப்பறைக்கெனப் பல பிரதிகள் எடுத்தலையும் அது வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றது. 12-ஆம் பிரிவு, ஊதியம் கருதாத கல்விக்கூடம் கட்டுரைகளையும் குறும்பகுதிகளையும் நேர்முகக் கற்பித்தலுக்காகப் படியெடுக்கவும், ஊதியம் கருதாத நூல்நிலையம் ஒருவரது கல்விக்காகக் குறும்பகுதியொன்றைப் படியெடுத்துக் கொடுக்கவும் நிபந்தனைகளோடு இடந்தருகின்றது. அழிந்துபோகக்கூடிய நூலைக் காத்தற்காகப் படியெடுத்தலும் அங்கே கூறப்பட்டுள்ளது.

ஆகவே ஓர் இயலை எண்பது மாணாக்கர் படிப்பதற்காக மேசையில் வைத்த நூலகர் சட்டத்தின் பகைவரல்லர். எடுத்த நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் படியின் தலையில் எழுதி, வேண்டிய அளவே எடுத்து, பாடம் முடிந்ததும் கோப்பை மீட்டுக்கொள்வாராயின், அவர் பக்கத்தில் நியாயம் பெரிது.

இதனாற் பதிப்புரிமையே வேண்டாவென்பது என் கருத்தன்று. நம் நாட்டிலே தமிழ்நூல் எழுதுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேமித்த பணத்தைக் கொண்டு முந்நூறு பிரதி அச்சிடுகின்றார். வெளியீட்டு விழாவில் ஒரு நூறு போகும். ஏனையவை கட்டிலின் கீழ்க் கிடக்கும். அந்நூலை ஒருவர் முழுவதுமாகப் படியெடுத்துக் கட்டி விற்பாராயின், அது கல்வியன்று, களவு. ஒக்ஸ்போர்ட் அச்சகத்துக்கு ஒரு வகுப்பின் படியால் நேரும் இழப்புக் கடலில் ஒரு துளி. நம் பண்டிதர் ஒருவருக்கு முப்பது பிரதியின் இழப்பு அடுத்த நூலின் அச்சுக்கூலி. பகுதி வேறு, முழுநூல் வேறு. வகுப்பு வேறு, வாணிகம் வேறு. விலைக்குக் கிடைக்கும் நூல் வேறு. கிடையா நூல் வேறு. இவ்வேற்றுமைகளை மாணாக்கருக்கு நாமே சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

யாரைக் கேட்பது?

பகுதிக்கு மேல் வேண்டும்போதும், பாடம் ஆண்டுதோறும் தொடரும்போதும் இசைவு கேட்பதே நேர்மை. மேலைநாடுகளில் இதற்கென முறைகள் உள. நூலின் பெயர், பதிப்பு, பக்கங்கள், பாடம், மாணாக்கர் தொகை, எத்தனை காலம், தாளிலா மின்படியிலா என்பவற்றை ஒரு மடலில் எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்புவர். பதிப்பாளரும் இதற்கென ஓர் அலுவலரை வைத்திருப்பர்.

தமிழ்நூலுக்கு அம்மடலை எந்த முகவரிக்கு அனுப்புவது? என் மாணாக்கியின் வினா இதுவே. எமக்குற்ற இடர், பதிப்பாளர் வழக்கிடுவார் என்பதன்று. இசைவளிக்க எவருமில்லை என்பதே. ஆசிரியர் இறந்துவிட்டார். அச்சகம் மூடப்பட்டது. மக்கள் போர்க்காலத்தில் சிதறிக் கனடாவிலோ இலண்டனிலோ வாழ்கின்றனர். தந்தையார் நூலுக்குத் தாம் உரியவர் என்பதையே அவர்கள் அறியார். என் வகுப்புக்கு வேண்டிய பழைய உரைநூல் ஒன்றுக்காக நான் மூன்று மடல் எழுதினேன். இரண்டு திரும்பி வந்தன; மூன்றாவது எங்கே போயிற்றோ அறியேன்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். தொல்காப்பியத்துக்கு அரிய குறிப்புரை எழுதிய நம் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் 1958-இல் காலமானார். இன்றைய இலங்கைச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டு உரிமை தருகின்றது. அக்கணக்கின்படி 2028-இன் இறுதி வரையும் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டமோ 60 ஆண்டே தருவது; அங்கே அவ்வெல்லை 2018-இல் முடிந்துவிட்டது. ஈழத்தறிஞரின் உரை பாக்குநீரிணைக்கு அப்பால் எல்லார்க்கும் பொது. அவர் பிறந்த நாட்டில் இசைவு வேண்டும் பொருள்! விபுலானந்த அடிகள் 1947-இல் மறைந்தார்; 70 ஆண்டென்று எண்ணினும் 2017-ஓடு அவரது நூல்களின் உரிமைக்காலம் முடிந்தது. தாமோதரம்பிள்ளை, நாவலர் ஆகியோர் பதிப்புகளைப் பற்றி ஐயமே இல்லை. இடர்ப்படுபவை இடைக்காலத்து நூல்கள்: கடந்த நூற்றாண்டின் நடுவிலும் பிற்பகுதியிலும் வாழ்ந்து மறைந்த நம் ஆசிரியர்களின் நூல்கள். பல்கலைக்கழகத்தில் மிகுதியும் வேண்டப்படுபவையும் அவையே.

படியெடாமையால் வரும் கேட்டையும் மறத்தல் கூடாது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 அளவான நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியில்லாதிருந்த ஏடுகளும் நூல்களும் அன்றோடு மறைந்தன. ஒரு நூலுக்கு வேறிடத்தில் ஒரு படி இருத்தல் அந்நூலுக்கு இரண்டாவது உயிராகும்.

பாயிரத்தில் ஓர் இசைவு

வழி காட்டியவர் இல்லாமலில்லை. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கையில் இருந்தபோது, 1949-இல் சென்னை அரசு அதனைப் பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிற்று. நம் நாட்டில் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூல்நிலையம் ஈழத்துத் தமிழ்நூல்களை மின்படியாக்கி, விலையின்றி உலகெங்கும் படிக்கத் தருகின்றது. எழுத்தாளரை நாடி அனுமதி பெறும் அவர்கள் பணி போற்றத்தக்கது. ஆனால் அரசு எல்லா நூலுக்கும் பொருள் கொடாது. தொண்டர்கள் எல்லார் வாயிலையும் தட்டுதல் இயலாது. எழுதுகின்ற நாமே செய்யத்தக்கது ஒன்று உண்டு.

நூலின் முகப்பில் பாயிரம் வைத்தல் நம் மரபு. இயற்றியவர் யார், நூற்பெயர் யாது, எவ்வழி வந்தது, எந்நிலத்தில் வழங்குவது, எவ்வாறு யாக்கப்பட்டது, எதனைக் கூறுவது, யார் கேட்டற்குரியர், கேட்டோர் பெறும் பயன் யாது என்னும் எட்டையும் சிறப்புப் பாயிரத்தில் உரைத்தல் வேண்டும் என்பர் இலக்கணமுடையார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். எட்டைப் பதினொன்றாக்க முன்னோர்க்கு இடமிருந்ததாயின், பன்னிரண்டாவதாக இசைவு என்பதைச் சேர்க்க நமக்கும் இடமுண்டு. அது புதியதுமன்று, யார் கேட்டற்குரியர் என்று முன்னோர் எழுதியதன் விரிவே அது. கேட்டற்குரியவனைப் பெயர்சுட்டி அழைத்துவிட்டு, நூலை அவன் கைக்கு எட்டாமல் வைத்தல் முறையாகாதன்றோ?

இலக்கணச் சிறுநூல் ஒன்று நான் எழுதியுள்ளேன். அதன் மறுபதிப்பின் முதற்பக்கத்திலே பின்வருமாறு அச்சிட எண்ணியுள்ளேன். விரும்புவோர் இதனை எடுத்துத் தம் நூலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்க. இதற்கு என் இசைவு வேண்டுவதில்லை.

“இந்நூலின் எந்த ஓர் இயலையும் பாடசாலை, பல்கலைக்கழக நூல்நிலையங்கள் மாணாக்கரின் பொருட்டுப் படியெடுத்தோ மின்படியாக்கியோ ஒதுக்கி வைக்கலாம். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் குறிக்கப்படுதல் வேண்டும். படியை விற்றல் கூடாது. நூல் அச்சில் இல்லாது ஐந்தாண்டு கழியின் முழுநூலுக்கும் இவ்விசைவு பொருந்தும். பிற தேவைகளுக்கு இசைவளிக்க உரியவர் பெயரும் முகவரியும் கீழே.”

கீழே என் பெயருக்குப் பின் என் மகள் பெயரையும் எழுதுவேன். நான் இல்லாத காலத்தில் மடல் திரும்பி வரலாகாது.

எழுத்தாளர் சங்கங்களும் பதிப்பகத்தாரும் இதனை ஒரு வழக்கமாக்குதல் வேண்டும். மறைந்த ஆசிரியர்களின் மக்கள் இக்கட்டுரையைக் காண்பாராயின், தந்தையார் நூலை வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகருக்கு ஒரு மடல் எழுதுவாராக. நூலகர்களும் நூற்பட்டியலில் உரியவர் முகவரிக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தல் நன்று. பொருட்செலவு சிறிதுமில்லை, ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும். அவ்வொரு தாள் வந்து சேரும் நாளில், மேசையிலிருந்து எடுக்கப்பட்ட கோப்பு மீண்டும் மேசைக்கு வரும். ஒரு நூலுக்காக நிற்கும் எண்பது பேரும் அமர்ந்து படிப்பர்.